டீகம்பைலரில் பிளாக்கை எப்படி வைப்பது: 20 பைட்டிலிருந்து ஒரு ஃபங்ஷன் வரை

ஆத்தங்குடியில் எங்கள் அம்மானுக்கு டைல்ஸ் பட்டறை இருக்கிறது. கண்ணாடியின் மேல் இரும்பு அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் கைவேலைக் கல். ஒரு தளத்துக்கு எத்தனை கல் வேண்டும் என்று எண்ணி பில் அடிக்க ஒரு சின்ன புரோகிராமை அந்தப் பட்டறைக்காகப் பல வருடங்களுக்கு முன்பு நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் ஹார்ட் டிஸ்க் போனதோடு சோர்ஸ் கோடும் போய்விட்டது. மிஞ்சியது டாட் நெட்டில் கம்பைல் செய்த ஒரு எக்ஸி ஃபைல் மட்டும்.

கம்பைல் செய்த டாட் நெட் ஃபைலைத் திரும்ப சோர்ஸ் கோடாக்கும் ஐஎல்ஸ்பை என்ற டீகம்பைலரில் அதைத் திறந்தேன். சி ஷார்ப் கோடு நொடியில் வந்துவிட்டது. வேலை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் வெறும் பைட் வரிசைக்குள்ளிருந்து வைல் லூப்பும் ரிட்டர்னும் எப்படி எழுந்து வந்தன என்ற கேள்வி என்னை விடவில்லை. காரைக்குடி வீட்டு முகப்பில் உட்கார்ந்து, ராத்திரி நேரங்களில் நானே ஒரு சின்ன டீகம்பைலர் எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்தபோது ஒன்று தெளிவாயிற்று. பைட்டுக்கும் சோர்ஸ் கோடுக்கும் நடுவில் டீகம்பைலர் வைத்துக்கொள்ளும் இடைநிலை மொழியில் பிளாக்கை, அதாவது வரிசையாக ஓடும் கட்டளைகளின் கொத்தை, எப்படி வைக்கிறோமோ, அதற்கேற்பத்தான் பின்னால் வரும் எல்லா வேலையும் சுலபமாகவோ சிக்கலாகவோ ஆகிறது. அதிலும் ஒரே ஒரு விதி மற்ற எல்லாவற்றையும் தாங்குகிறது: எந்தப் பிளாக்கின் கடைசி வரியிலிருந்தும் ஓட்டம் சொல்லாமல் கொள்ளாமல் கீழே வழியக் கூடாது.

சி ஷார்ப்போ ஜாவாவோ கொஞ்சம் எழுதத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பைலர் பாடம் படித்திருக்க வேண்டியதில்லை. சட்டம் பற்றி ஒரு வார்த்தை: நான் பிரித்தது என் சொந்தப் புரோகிராம். அடுத்தவருடையதைப் பிரிப்பதாக இருந்தால் லைசென்ஸைப் படித்துவிடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52, சட்டப்படி கையில் வைத்திருக்கும் புரோகிராமோடு தனியாக எழுதிய இன்னொன்றை இணைந்து இயங்கவைக்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது ஒரு வரம்புக்குள் விலக்குத் தருகிறது.

கட்டும் வளவும்

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு, அதைத் தாண்டி முற்றத்தைச் சுற்றிய வளவு, அப்புறம் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. முன்வாசலில் நின்றால் நேர்கோட்டில் பின்வாசல் தெரியும். ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குப் போக நிலைவாசல் உண்டு. சுவரைத் துளைத்துக்கொண்டு நடுவில் யாரும் நுழைய முடியாது.

பிளாக்கும் அப்படித்தான். உள்ளே வர ஒரே வாசல், அது முதல் கட்டளை. வந்துவிட்டால் வரிசையாகக் கடைசிவரை போக வேண்டும். நடுக் கட்டளைக்கு வெளியிலிருந்து யாரும் குதிக்கக் கூடாது. பிரான்சிஸ் ஆலன் 1970-இல் வெளியிட்ட கட்டுப்பாட்டு ஓட்டப் பகுப்பாய்வுக் கட்டுரையிலிருந்து இன்றைய கம்பைலர் கட்டமைப்பான எல்எல்விஎம் வரை அடிப்படை இதுதான்.

ஆனால் கம்பைலரும் டீகம்பைலரும் எதிரெதிர் திசையில் நடக்கின்றன. கம்பைலர் வீட்டைப் பிரித்துக் கட்டுக் கட்டாக அடுக்குகிறது. நாம் அடுக்கியதைத் திரும்ப வீடாக்க வேண்டும். அதனால் நமக்குப் பிளாக் மட்டும் போதாது. பிளாக்குகளைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் வளவும் வேண்டும். ஐஎல்ஸ்பையின் இடைநிலை மொழியில் இதற்கு பிளாக் கன்டெய்னர் என்று பெயர். நான் கன்டெய்னர் என்றே சொல்கிறேன்.

முதல் படி: பைட்டைப் படித்துத் தலைகளைக் குறிப்பது

புரோகிராமில் இருந்த ஃபங்ஷன் ஒன்றின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொள்வோம். இரண்டு எண்களை வாங்குகிறது: வரிசை எத்தனை, வரிசைக்குக் கல் எத்தனை. கூட்டிக்கொண்டே போய் மொத்தத்தைத் தருகிறது. பெருக்கினாலே போதும் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று அப்படி எழுதியிருந்தேன், இன்று பாடத்துக்கு வசதியாக இருக்கிறது. அதன் 20 பைட்டுகளும் பத்தடிமான எண்ணில் இதோ:

22 10 22 11 43 8 6 3 88 10 7 23 88 11 7 2 50 244 6 42

இடது ஓரத்தில் பைட் எண்ணைப் போட்டுப் பிரித்து எழுதினால் (ஸ்டேக் என்பது கணக்கிடும்போது மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடுக்கும் அடுக்கு, லோக்கல் என்பது ஃபங்ஷனின் உள்மாறி):

0: 0-ஐ ஸ்டேக்கில் வை (22)
1: லோக்கல் 0-இல் போடு (10)
2: 0-ஐ ஸ்டேக்கில் வை (22)
3: லோக்கல் 1-இல் போடு (11)
4: 14-க்குப் போ (43, 8)
6: லோக்கல் 0-ஐ எடு (6)
7: இரண்டாம் ஆர்கியூமெண்டை எடு (3)
8: கூட்டு (88)
9: லோக்கல் 0-இல் போடு (10)
10: லோக்கல் 1-ஐ எடு (7)
11: 1-ஐ ஸ்டேக்கில் வை (23)
12: கூட்டு (88)
13: லோக்கல் 1-இல் போடு (11)
14: லோக்கல் 1-ஐ எடு (7)
15: முதல் ஆர்கியூமெண்டை எடு (2)
16: சிறியதென்றால் 6-க்குப் போ (50, 244)
18: லோக்கல் 0-ஐ எடு (6)
19: திரும்பு (42)

4-ஆம் இடத்தில் உள்ள தாவலின் தூரம் 8. இந்தத் தூரத்தை அடுத்த கட்டளையின் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். அடுத்த கட்டளை 6-இல் தொடங்குகிறது, ஆகவே 6 + 8 = 14. 16-இல் உள்ளது பின்னோக்கிய தாவல். 244 என்பது குறியுள்ள ஒரு பைட்டாகப் பார்த்தால் −12; அடுத்த கட்டளை 18, ஆகவே 18 − 12 = 6. இங்கே ஒன்று தப்பினால் அதற்கப்புறம் எதுவும் சரியாக வராது. கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இப்போது பிளாக் எங்கெல்லாம் தொடங்கும் என்று குறிக்க வேண்டும். அந்த இடங்களைத் தலை என்று சொல்வோம். ஃபங்ஷனின் முதல் கட்டளை தலை. தாவல் போய்ச் சேரும் ஒவ்வோர் இடமும் தலை. தாவலுக்கு அடுத்து நிற்கும் கட்டளையும் தலை. ரிட்டர்ன், த்ரோ இரண்டுக்கும் அடுத்ததும் அப்படியே. ஸ்விட்ச் கட்டளை ஒரே மூச்சில் பல இலக்குகளைத் தரும், ஒவ்வொன்றும் தலை. ட்ரை, கேட்ச், ஃபைனலி பகுதிகள் தொடங்கும் இடமும் முடிந்த அடுத்த இடமும்கூடத் தலைதான். இதை நான் முதலில் விட்டுவிட்டு, பிளாக் ஒன்று பாதி ட்ரைக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றதைப் பார்த்த பிறகே சேர்த்தேன்.

நம் ஃபங்ஷனுக்குத் தலைகள் 0, 6, 14, 18. நான்கு பிளாக்குகள். பெயரையும் அந்த எண்ணாலேயே வையுங்கள். பிளாக் 1, பிளாக் 2 என்று புதிதாக எண்ணிட்டால் மூலப் பைட்டோடு ஒப்பிடும்போது ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: ஓட்டத்தை வாய்விட்டுச் சொல்ல வைப்பது

பிளாக் 0 தாவலில் முடிகிறது. பிளாக் 18 ரிட்டர்னில் முடிகிறது. பிளாக் 6-ஐப் பாருங்கள். 13-ஆம் கட்டளையோடு முடிகிறது, தாவல் எதுவும் இல்லை. பைட்டுகள் அடுத்தடுத்து இருப்பதால் இயந்திரம் தானாக 14-க்குப் போகிறது. பிளாக் 14-உம் நிபந்தனை பொய்யானால் தானாக 18-க்குப் போகிறது.

என் முதல் பதிப்பில் இதை அப்படியே விட்டிருந்தேன். பட்டியலில் அடுத்து எது இருக்கிறதோ அங்கே போகும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். பிறகு லூப் கண்டுபிடிப்பதற்காகப் பிளாக்குகளை ஓட்ட வரிசைப்படி அடுக்கினேன். 0, 14, 6, 18 என்று வரிசை மாறியது. இப்போது 6-க்கு அடுத்து நிற்பது 18. லூப் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே ரிட்டர்னுக்குப் போனது. வெளிவந்த கோடைக் கம்பைல் செய்து 12 வரிசை, வரிசைக்கு 10 கல் என்று கொடுத்தேன். 120 வர வேண்டிய இடத்தில் 10 வந்தது. பக்கத்தில் இருந்த அம்மான் பார்த்துவிட்டு, “ஒரு வரிசைக் கல்லைத்தானப்பா இது எண்ணியிருக்கு” என்றார். எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. கணக்கு மட்டும் தப்பு. டீகம்பைலரில் இதைவிட மோசமான தப்பு எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து விதி இது: கன்டெய்னருக்குள் நேரடியாக நிற்கும் ஒவ்வொரு பிளாக்கின் கடைசிக் கட்டளையும் ஓட்டத்தை வேறெங்காவது அனுப்பியே தீர வேண்டும். செல், வெளியேறு, வீசு, இவற்றில் ஒன்று. மூலத்தில் இல்லையென்றால் நாமே ஒரு செல் போட வேண்டும். போட்டபின் பிளாக்குகளை எந்த வரிசையில் கலைத்து அடுக்கினாலும் பொருள் மாறாது. கீழே லோக்கல் 0-க்குத் தொகை, லோக்கல் 1-க்கு நடை, இரண்டு ஆர்கியூமெண்டுகளுக்கு வரிசை, கல் என்று பெயர் வைத்திருக்கிறேன். வரவு என்ன என்பது அடுத்த பகுதியில்.

கன்டெய்னர் முழு {
  பிளாக் 0 (வரவு 1)
    தொகை = 0
    நடை = 0
    செல் 14
  பிளாக் 6 (வரவு 1)
    தொகை = தொகை + கல்
    நடை = நடை + 1
    செல் 14
  பிளாக் 14 (வரவு 2)
    எனில் (நடை < வரிசை) செல் 6
    செல் 18
  பிளாக் 18 (வரவு 1)
    வெளியேறு முழு (தொகை)
}

பிளாக் 14-இல் கடைசியில் இரண்டு வரிகள் சேர்ந்து ஓட்டத்தைப் பிரிக்கின்றன. எல்எல்விஎம்மில் இப்படி எழுத முடியாது. அங்கே பிளாக்கின் முடிவில் ஒரே ஒரு முடிப்புக் கட்டளை, அதிலேயே இரண்டு இலக்குகளும் இருக்கும். கம்பைலருக்கு அதுவே சரி. டீகம்பைலருக்கு ‘எனில் … செல்’ என்பதைத் தனி வரியாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. பின்னால் அந்தச் செல் இருக்கும் இடத்தில் ஒரு முழுப் பிளாக்கையே கொண்டுவந்து வைக்கப் போகிறோம்.

ரிட்டர்ன் என்று தனிக் கட்டளை இல்லாததையும் கவனியுங்கள். ஃபங்ஷன் முழுவதும் ஒரு கன்டெய்னர். அதிலிருந்து மதிப்போடு வெளியேறினால் அது ரிட்டர்ன். லூப் கன்டெய்னரிலிருந்து வெளியேறினால் அதுவே பிரேக். ஒரே கட்டளை, எந்த வளவைவிட்டு வெளியே போகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

வரவுக் கணக்கு

ஒவ்வொரு பிளாக்கிலும் வரவு என்று ஓர் எண் வைத்திருக்கிறேன். எத்தனை இடத்திலிருந்து அந்தப் பிளாக்குக்கு வருகிறார்கள் என்ற எண்ணிக்கை. கன்டெய்னரின் முதல் பிளாக்குக்கு வாசல் வழி வரும் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பேரேடு எழுதிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் பற்று இன்னொருவர் வரவு. மேலே உள்ள ஃபங்ஷனில் செல் கட்டளைகள் நான்கு. வாசல் ஒன்று. மொத்தம் 5. வரவுகளைக் கூட்டுங்கள்: 1 + 1 + 2 + 1 = 5. ஐந்தொகை சரி. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இந்தக் கூட்டல் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையை முதல் நாளே எழுதிவிடுங்கள். என் பிழைகளில் பெரும்பகுதியை இந்த ஒரு சோதனைதான் பிடித்துக் கொடுத்தது.

வரவு 1 என்றால், அந்தப் பிளாக்கைத் தன்னை அழைப்பவரோடு ஒட்டிவிடலாம், அல்லது அவருடைய எனில்-க்குள் தூக்கி வைக்கலாம். வரவு 0 என்றால் அழித்துவிடலாம். ஆனால் ஒன்று: யாரும் வராத இரண்டு பிளாக்குகள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டிருந்தால் இரண்டின் வரவும் 1 ஆக இருக்கும், இரண்டும் செத்தவையே. அவற்றை வரவு காட்டிக்கொடுக்காது. வாசலிலிருந்து நடந்து போய் எட்ட முடிந்தவற்றைக் குறித்து, எட்டாதவற்றை நீக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஸ்டேக்கைக் கரைப்பது

மேலே ‘தொகை = தொகை + கல்’ என்று நேராக எழுதிவிட்டேன். அது அவ்வளவு எளிதாக வந்துவிடாது. ஸ்டேக்கில் ஏறும் ஒவ்வொரு மதிப்புக்கும் முதலில் ஒரு தற்காலிக மாறி கொடுக்க வேண்டும்:

அ1 = தொகை
அ2 = கல்
அ3 = அ1 + அ2
தொகை = அ3

அப்புறம், ஒருமுறை எழுதி ஒரேமுறை படிக்கும் மாறியைப் படிக்கும் இடத்துக்கே நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது நடுவில் தாண்டும் கட்டளை எதுவும் அந்த மதிப்பை மாற்றாது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அ1-ஐ நகர்த்தும் வழியில் யாராவது தொகையை மாற்றினால் கணக்கு கெடும். ஒரு பிளாக்குக்குள் இந்தச் சோதனை எளிது, ஏனென்றால் ஓட்டம் நேராகப் போகிறது. பிளாக் எல்லையைத் தாண்டி நகர்த்தாதீர்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு பிளாக் முடியும்போது ஸ்டேக்கில் மதிப்பு மிச்சமிருந்தால். சி ஷார்ப்பின் கேள்விக்குறி நிபந்தனை இப்படித்தான் வரும். ‘உடைசல் உண்டா? கல் + 1 : கல்’ என்று எழுதினால், ஒரு பிளாக் கல் + 1-ஐ ஸ்டேக்கில் வைத்துவிட்டு சேரும் இடத்துக்குப் போகிறது, இன்னொரு பிளாக் கல்லை வைத்துவிட்டுப் போகிறது, சேரும் பிளாக் ஸ்டேக்கின் மேலே இருப்பதை எடுத்துக்கொள்கிறது. யார் வைத்தது என்று அதற்குத் தெரியாது.

வந்த வழிக்கேற்ற மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் ஃபை கட்டளையை எல்எல்விஎம் இதற்கு வைத்திருக்கிறது. கிட்ரா என்ற ரிவர்ஸ் இன்ஜினியரிங் கருவியின் இடைநிலை மொழியான பி-கோடில் மல்டிஈக்குவல் என்ற பெயரில் அதே வேலை நடக்கிறது. எம்எல்ஐஆர், ஸ்விஃப்டின் எஸ்ஐஎல் என்ற இடைநிலை மொழிகள் பிளாக்குக்கே ஆர்கியூமெண்ட் கொடுக்கின்றன. தாவும்போது மதிப்பையும் சேர்த்து அனுப்பலாம். மூன்றும் அழகானவை. நான் நாலாவதாக ஒன்றைத் தேர்ந்தேன்: சேரும் இடத்தில் சந்திக்கும் தற்காலிக மாறிகள் எல்லாவற்றையும் ஒரே மாறியாக்கிவிடுவது. முதல் பிளாக் அ4-இல் வைக்கிறது, இரண்டாவது அ5-இல் வைக்கிறது, சேரும் பிளாக்கில் இரண்டும் சந்திக்கின்றன. ஆகவே அ4-உம் அ5-உம் இனி ஒன்று. ஒன்றெனத் தெரிந்தவற்றை ஒரே குழுவாகச் சேர்க்கும் யூனியன் ஃபைண்ட் என்ற பழைய உத்தி இதற்குப் போதும். நம் கடைசி இலக்கு மனிதர் படிக்கும் கோடு, அதில் ஃபை கிடையாது. வைத்தால் பிறகு அகற்றியாக வேண்டும்.

இது செல்லுபடியாவதற்கு டாட் நெட்டின் தரநிலையே துணை. ஈசிஎம்ஏ-335 விதிப்படி, எந்த வழியாக வந்தாலும் ஒரு கட்டளைக்கு வரும்போது ஸ்டேக்கின் ஆழம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆழம் மாறி வந்தால் ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது, அல்லது யாரோ வேண்டுமென்றே குழப்பியிருக்கிறார்கள் என்று அறிவித்துவிட்டு நிறுத்துங்கள்.

நான்காம் படி: பிளாக்கின் உடம்பு

இப்போது டேட்டா ஸ்ட்ரக்சரைச் சொல்லலாம். என்னுடையது ஏறக்குறைய இப்படி:

பிளாக்
  வகை: ஓட்டம் அல்லது மதிப்பு
  கட்டளைகள்: பட்டியல்
  முடிவு: மதிப்பு வகையில் ஒரு கட்டளை, ஓட்ட வகையில் சும்மா
  வரவு: எண்
  மூலம்: எந்தப் பைட்டிலிருந்து எதுவரை
  தாய்: இது யாருக்குள் இருக்கிறது

கன்டெய்னர்
  பிளாக்குகள்: பட்டியல், முதலாவது வாசல்
  வெளியேற்றம்: இதைவிட்டு வெளியேறும் கட்டளைகளின் எண்ணிக்கை
  வகை: சாதா, லூப், வைல், ஃபார், ஸ்விட்ச்
  தாய்

தாய் என்ற ஒரு வரிதான் எனக்கு அதிகம் உழைத்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே ஒரு தாய். ஒரே கட்டளையை இரண்டு பிளாக்குகளில் வைக்க முடியாது. வேண்டுமென்றால் நகல் எடுக்க வேண்டும். ஓட்டம் கிராஃப் வடிவில் இருந்தாலும் கட்டளைகள் மரமாகவே இருக்கும். செல் கட்டளை இலக்குப் பிளாக்கைச் சுட்டிக்காட்டும், ஆனால் அதற்குத் தாய் ஆகாது. புதிய இடத்தில் வைக்கும்முன் பழைய இடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

செல் எங்கெல்லாம் போகலாம் என்பதற்கும் எல்லை வேண்டும். தன் கன்டெய்னரில் உள்ள பிளாக்குக்குப் போகலாம். தன்னைச் சுற்றியிருக்கும் வெளிக் கன்டெய்னரின் பிளாக்குக்கும் போகலாம். வெளியிலிருந்து உள் கன்டெய்னரின் நடுவில் இருக்கும் பிளாக்குக்கு மட்டும் போகக் கூடாது. அதன் வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

ட்ரை உடம்பும் ஒரு கன்டெய்னர், கேட்ச் உடம்பும் ஒன்று, ஃபைனலியும் ஒன்று. டாட் நெட்டில் ட்ரையைவிட்டு வெளியே போக லீவ் என்ற தனிக் கட்டளை உண்டு, அது ஸ்டேக்கையும் காலி செய்துவிடும். கேட்ச் தொடங்கும்போது ஸ்டேக்கில் எக்ஸப்ஷன் ஆப்ஜெக்ட் ஒன்று இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஃபைனலியின் முடிவில் வரும் கட்டளையை அந்தக் கன்டெய்னரைவிட்டு வெளியேறு என்று மாற்றினால் போதும்.

வெளியேற்றத்தின் எண்ணிக்கை எதற்கு? 0 என்றால் அந்தக் கன்டெய்னருக்கு அடுத்த வரிக்கு ஓட்டம் வரவே வராது, முடிவில்லாத லூப்பைப் போல. நம் அடிப்படை விதியைச் சோதிக்க இந்தத் தகவல் தேவை. இதைக் கீழிருந்து மேலாகக் கணக்கிட்டு ஒவ்வொரு கட்டளையிலும் சேமித்து வைத்துக்கொண்டு, உள்ளே ஏதாவது மாறினால் தாய் வழியே மேலேறி, சேமித்த கணக்கு இனி செல்லாது என்று குறித்துவிட வேண்டும்.

மதிப்புத் தரும் பிளாக்

பலர் கவனிக்காத ஒன்று இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். சி ஷார்ப்பில் ஒரு புதிய ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே அதன் குணங்களையும் அடைப்புக்குள் எழுதிவிடலாம். கம்பைல் ஆனபின் அது தனித்தனிக் கட்டளைகளாகச் சிதறிப் போகிறது:

அ1 = புதிய கல்()
அ1.நீளம் = 10
அ1.அகலம் = 10
பட்டியலில் சேர் (அ1)

இதைத் திரும்ப ஒரே வாக்கியமாக்க வேண்டும். ஆனால் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஆர்கியூமெண்ட் இருக்கும் இடத்தில் நாலு வரிகளை எப்படி வைப்பது? இங்கேதான் முடிவு என்ற புலம் உதவுகிறது:

பட்டியலில் சேர் (
  பிளாக் (மதிப்பு) {
    அ1 = புதிய கல்()
    அ1.நீளம் = 10
    அ1.அகலம் = 10
    முடிவு: அ1
  })

வரிகள் வரிசையாக ஓடி, கடைசியில் முடிவு என்ன தருகிறதோ அதுவே பிளாக்கின் மதிப்பு. ஓட்டப் பிளாக்கும் இதுவும் ஒரே டேட்டா ஸ்ட்ரக்சர், பயன் வேறு. இதற்கு வரவுக் கணக்கு தேவையில்லை, கன்டெய்னருக்குள் நிற்காது, வெளியிலிருந்து யாரும் இதற்குள் தாவ மாட்டார்கள்.

இப்படி மடிக்கும்முன் மூன்றைச் சோதியுங்கள். அ1 வேறெங்கும் பயன்படக் கூடாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் அ1-இன் குணத்தை நிரப்புவதாகவே இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் அ1 வரக் கூடாது. ‘அ1.அகலம் = அ1.நீளம்’ என்று இருந்தால் மடிக்க முடியாது, ஏனென்றால் சி ஷார்ப்பில் அந்த அடைப்புக்குள் புதிய ஆப்ஜெக்டுக்குப் பெயர் இல்லை.

ஐந்தாம் படி: லூப்பைச் சுற்றி வளவு கட்டுவது

திரும்ப நம் நான்கு பிளாக்குகளுக்கு வருவோம். வாசலிலிருந்து 6-க்குப் போகும் எந்த வழியும் 14-ஐத் தாண்டாமல் போக முடியாது. இதை 14 ஆனது 6-ஐ ஆள்கிறது என்பார்கள். 6-இலிருந்து 14-க்கு ஒரு செல் இருக்கிறது. தன்னை ஆளும் பிளாக்குக்கே திரும்பிப் போகும் தாவல் இருந்தால் அங்கே லூப். தலைவாசல் 14, உடம்பில் 14-உம் 6-உம். எது எதை ஆள்கிறது என்று கணக்கிட, கூப்பர், ஹார்வி, கென்னடி மூவரும் 2001-இல் எழுதிய முறை சின்னது, எளிது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புதிய கன்டெய்னர் ஒன்றைத் திறந்து 14-இன் கட்டளைகளையும் பிளாக் 6-ஐயும் அதற்குள் நகர்த்துகிறோம். வெளியே பழைய 14 காலியாக நிற்கிறது. அதில் இந்தப் புதிய கன்டெய்னரையே ஒரு கட்டளையாக வைக்கிறோம். உள்ளிருந்து 18-க்குப் போன செல் ‘வெளியேறு சுற்று’ ஆகிறது. அந்தச் செல்லை வெளியே கன்டெய்னருக்கு அடுத்த வரியில் போடுகிறோம். 6-இன் செல், உள்ளே வந்த புதிய 14-ஐச் சுட்ட வேண்டும்.

பிளாக் 14 (வரவு 1)
  கன்டெய்னர் சுற்று (லூப்) {
    பிளாக் 14உ (வரவு 2)
      எனில் (நடை < வரிசை) செல் 6
      வெளியேறு சுற்று
    பிளாக் 6 (வரவு 1)
      தொகை = தொகை + கல்
      நடை = நடை + 1
      செல் 14உ
  }
  செல் 18

வெளி 14-இன் வரவு 2-இலிருந்து 1 ஆகிவிட்டதைப் பாருங்கள். திரும்பி வரும் வழி உள்ளே போய்விட்டது. ஆகவே அதை அப்படியே பிளாக் 0-இன் வாலில் ஒட்டலாம். 18-இன் வரவும் 1, அதையும் ஒட்டலாம். ஒட்டுவது என்றால் முன்னதன் கடைசிச் செல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பின்னதன் கட்டளைகளை வைப்பது.

உள்ளே பிளாக் 6-இன் வரவும் 1. அதைத் தூக்கி ‘எனில்’ வரியில் செல் 6 இருந்த இடத்தில் வைக்கிறோம். இரண்டாம் படியில் தனி வரியாக வைத்ததன் பலன் இங்கே. எனில்-க்குள் போன பிளாக்குக்கு மட்டும் ‘கீழே வழியக் கூடாது’ என்ற விதி தளர்கிறது. மரத்தில் அடுத்தது எது என்பது இனி இடத்திலேயே தெரிகிறது. முதல் வரியிலேயே நிபந்தனை, பொய்யானால் வெளியேற்றம், மெய்யானால் உடம்பு ஓடித் தலைக்கே திரும்பல்: இந்த உருவத்தைப் பார்த்தால் கன்டெய்னரின் வகையை வைல் என்று மாற்றி, கடைசிச் செல்லை நீக்கலாம்.

இரண்டு வாசல் உள்ள லூப் வந்தால் இந்த முறை நிற்கும். சி ஷார்ப் கம்பைலர் அதைச் சாதாரணக் கோடிலிருந்து உருவாக்குவது அபூர்வம். வந்தால் அந்தப் பிளாக்குகளைத் தொடாமல் விட்டு, லேபிளும் கோட்டூவுமாக அச்சிடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் பொருள் மாறாது.

ஆறாம் படி: அச்சிடுவது

நான்கு பிளாக் இப்போது ஒன்றாகிவிட்டது:

கன்டெய்னர் முழு {
  பிளாக் 0 (வரவு 1)
    தொகை = 0
    நடை = 0
    கன்டெய்னர் சுற்று (வைல்: நடை < வரிசை) {
      தொகை = தொகை + கல்
      நடை = நடை + 1
    }
    வெளியேறு முழு (தொகை)
}

இனி மரத்தில் மேலிருந்து கீழே நடந்து எழுதினால் போதும். ‘வெளியேறு முழு’ ரிட்டர்ன் ஆகும். வரவு 1-க்குமேல் மிஞ்சி நிற்கும் பிளாக்குக்கு லேபிள் போட வேண்டும், லூப்பின் தலையாக இருந்தால் தேவையில்லை. அதற்குப் போகும் செல் கன்டின்யூ ஆகும். நடைக்கு 0 வைத்ததும் கூட்டியதும் வைலை ஒட்டியே இருப்பதால் ஃபார் ஆகவும் எழுதலாம். நான் வைலாகவே விட்டேன்.

சோதனை கடைசியில் மட்டும் வேண்டாம், ஒவ்வொரு படிக்குப் பின்னும் வையுங்கள்: வரவு கூட்டல் ஒத்துப்போகிறதா, ஒவ்வொரு கட்டளைக்கும் தாய் ஒன்றுதானா, கன்டெய்னருக்குள் நேரடியாக நிற்கும் பிளாக் எதுவும் கீழே வழிகிறதா, வெளியிலிருந்து உள்வளவுக்கு யாராவது தாவுகிறார்களா. தப்பு வந்தால் உடனே நின்று, எந்த மாற்றத்துக்குப் பின் வந்தது என்று சொல்ல வேண்டும்.

வந்த கோடைத் திரும்பக் கம்பைல் செய்து, பட்டறைக் கம்ப்யூட்டரில் பழைய எக்ஸியையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டேன். 12 வரிசை, வரிசைக்கு 10 கல். இரண்டிலும் 120. அம்மான் அடுத்து 0 வரிசை போட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் 0.